பூங்காவின் எல்லையை வரம்பில் நின்று போடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஒரு கல்வெட்டுப் பாறையையோ செங்கல் மேட்டையோ நடுப்புள்ளியாக வைத்து, செய்மதிப் படத்தின் மேல் வட்டம் கீறி, அதற்குள் அகப்பட்டதெல்லாம் தொல்லியல் பூங்கா என்று அறிவிப்பது சுலபம். அலுவலகத்தை விட்டு வெளியே வராமலே செய்து முடிக்கலாம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வயல் பிரதேசங்களில் அப்படிக் கீறினால் கோடு ஒருவருடைய வயலின் நடுவால் போகும். வாய்க்கால் உள்ளே, அந்தத் தண்ணீரை நம்பிய வயல் கண்டம் வெளியே. வாய்க்காலைத் துப்புரவாக்கப் போகிறவர் ஒதுக்கப் பிரதேசத்துக்குள் மண்வெட்டியோடு புகுந்த குற்றவாளி ஆகிவிடுவார். எங்கள் பக்கத்தில் தேசிய தொல்லியல் பூங்கா ஒன்று திட்டமிடுவதாயின் அதன் எல்லை வரம்பு, வாய்க்கால், வண்டிப்பாதை ஆகியவற்றை ஒட்டியே போடப்பட வேண்டும். இக்கடிதம் எழுதுவது அதற்காகத்தான்.

பூங்காவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கதிரவெளியின் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், தீகவாபித் தூபி, இராஜகல மலைத்தொகுதி, திருக்கோவில் கல்வெட்டு என்று இப்பகுதியில் காக்க வேண்டியவை நிறையவே உண்டு. புதையல் தோண்டுகிறவர்கள் இரவில் வருகிறார்கள். காவலுக்கு ஆள் இல்லை. ஆனால் 10 ஏக்கரைத் துப்புரவாக வைத்திருக்க ஆளில்லாத நிர்வாகம் 500 ஏக்கர் கேட்பதில் நியாயம் இல்லை. மையப் பகுதி, சின்னமும் அதன் அத்திவாரமும் அதைச் சுற்றி நடக்கவும் திருத்த வேலை செய்யவும் தேவையான இடமும் மட்டுமாக இருக்கட்டும். அதற்கு வெளியே உள்ள நிலம் வெள்ளாமை நிலமாகவே தொடர வேண்டும்.

இதைக் கமக்காரருக்குக் காட்டும் சலுகையாக நினைக்க வேண்டாம். மண்ணுக்கு அடியில் இருப்பவற்றுக்கே இதுதான் நல்லது. சேற்று உழவு மேல் மண்ணில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரைதான் இறங்கும். அதன் கீழே, போகத்துக்குப் போகம் மாடும் உழவு இயந்திரமும் மிதித்து இறுகிய ஒரு படை இருக்கிறது. வயலில் தண்ணீர் நிற்பது அந்தப் படையால்தான். அதற்குக் கீழே பழைய பானை ஓடுகளும் சாம்பலும் கிடந்தால், அவற்றுக்கு அதுவே மூடி. ஒரே ஆழத்தில் உழுதுவரும் வயல் கீழே உள்ளதைக் குழப்புவதில்லை. குழப்புவது மண் தோண்டும் பெக்கோ இயந்திரம். வயலுக்குள் இருக்கும் திட்டியை மட்டப்படுத்திக் கால் ஏக்கர் கூட்ட நினைப்பது, கிரவல் அள்ளுவது, செங்கல் சூளைக்குக் களி வெட்டுவது, குளக்கட்டை உயர்த்தக் கிட்டடி மேட்டில் மண் எடுப்பது, விவசாயக் கிணறு வெட்டுவது ஆகிய ஐந்தையும் கட்டுப்படுத்தினால் பாதுகாப்பின் பெரும்பகுதி முடிந்துவிடும். குளத் திருத்த வேலைக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போதே மண் எடுக்கும் இடத்தைக் குறித்துக் கொடுப்பது இதில் முதல் படி. அதை ஒப்பந்தகாரரின் விருப்பத்துக்கு விட்டால் அவர் மிகக் கிட்டிய மேட்டைத்தான் வெட்டுவார்.

வெள்ளாமையை நிறுத்திய நிலம் சில வருடங்களில் பற்றைக் காடாகும். செங்கல் மேட்டில் ஆலும் அரசும் வேர் இறக்கிப் பிளக்கும். வயல்களுக்கு நடுவே உள்ள அந்தப் பற்றை யானைக்குப் பகல் தங்குமிடமாகி, இரவில் நாலு பக்கமும் இறங்க வசதி செய்து கொடுக்கும். யானை வேலியைப் பூங்காவைச் சுற்றிப் போட்டால், உள்ளே நிற்கும் யானைக்கு வேலி போட்டதாகத்தான் முடியும். அறுவடைக்குப் பிந்திய மாதங்களில் பட்டி மாடுகளை அளவோடு மேயவிடுவது பற்றையை அடக்கும். மாரியில், ஈர மண்ணில், மேட்டின் மீது மட்டும் விடக்கூடாது.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், அரச காணியை வர்த்தமானி மூலம் தொல்லியல் ஒதுக்கமாகப் பிரகடனம் செய்ய இடம் தருகிறது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் உள்ள காணியும் அரச காணிதான் என்பது இங்கே பலருக்கு அறிவித்தல் ஒட்டிய பிறகே விளங்குகிறது. ஆயினும் அதே தொல்பொருட்கள் சட்டம், ஒதுக்கத்துக்குள் அனுமதி பெற்றுப் பயிர் செய்யவும் வழி விட்டிருக்கிறது. அந்த அனுமதியை ஆள் ஆளாக, போகத்துக்குப் போகம் கேட்டு அலைய வைக்காமல், வட்டைக்கு (வயல் தொகுதிக்கு) ஒன்றாக, கமக்காரர் அமைப்பின் பெயரில், பல வருடங்களுக்கு வழங்க வேண்டும். எந்த வேலைக்கு மேலதிக அனுமதி தேவை, எதற்குத் தேவையில்லை என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வரம்பு கட்ட, வாய்க்கால் வெட்ட, வழமையான ஆழத்தில் உழ ஒன்றும் கேட்கத் தேவையில்லை. கிணறு, மட்டப்படுத்தல், புதுக் கட்டடம் என்றால் கேட்கத்தான் வேண்டும்.

அகழாய்வு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழி தோண்டுவதை எல்லோரும் படம் எடுக்கிறார்கள், மூடுவதை ஒருவரும் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டின் கீழடியில் தென்னந்தோப்புக்குள் தோண்டிப் பதிவு செய்து மூடிய குழிகள் பல. தோப்பில் அது பெரிய சிக்கல் இல்லை. வயலில் பெரிய சிக்கல். 5 மீற்றருக்கு 5 மீற்றர் குழி வெட்டும்போது மேல் மண்ணைத் தனியாகவும், இறுகிய படையைத் தனியாகவும், அதன் கீழ் மண்ணைத் தனியாகவும் தறப்பாளில் குவிக்க வேண்டும். மூடும்போது அடியில் புவித்துணி விரித்து ஒரு படை மணல் போட்டால், பின்னால் தோண்டுகிறவருக்கு முந்திய குழியின் அடி எதுவென்று தெரியும். பிறகு 20 சென்ரிமீற்றர் படை படையாக மண்ணிட்டு, ஈரமாக்கி, இடித்து இறுக்க வேண்டும். இறுகிய படையின் மண்ணைக் கடைசிக்கு முன்பும் மேல் மண்ணைக் கடைசியிலும் போட வேண்டும். இதைச் செய்யாமல் பெக்கோவால் தள்ளி மூடினால் முதல் தண்ணீருக்கே குழி தாழும். அந்த வயலில் தண்ணீர் நிற்காது. பாய்ச்சப் பாய்ச்ச இறங்கும். அதே வாய்க்காலின் கடைக்கண்டத்துக்கு முறைத் தண்ணீர் போய்ச் சேராது. அறுவடைக்கு வெட்டு மெசின் வந்தால் சில்லு புதையும். ஒரு குழியால் கெடுவது ஒரு வயல் மட்டுமல்ல. ஆகவே நட்டஈடு குழி வெட்டிய போகத்துக்கு மட்டும் போதாது, மூடிய பின்வரும் போகத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மானாவாரி வயலில் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நிலம் சும்மா கிடக்கிறது. தோண்டுவதற்கு அதுவே காலம். சிறுபோகம் செய்யும் வயலில் அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையே உள்ள சில வாரங்கள்தான் கிடைக்கும். இதைப் போகம் தொடங்குமுன் கமக்காரர் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் பேசித் தீர்க்கலாம். நடுப்போகத்தில் குழுவோடு வந்து இறங்கினால் சண்டைதான்.

அந்த நட்டஈடு யாருக்கு? உறுதியோ அனுமதிப்பத்திரமோ ஒருவர் பெயரில் இருக்கும், குத்தகைக்கோ பங்குக்கோ செய்கிறவர் வேறொருவர். பதிவேட்டைப் பார்த்துக் காசோலை எழுதினால் செய்கிறவர் வெறுங்கையோடு போவார். போர்க்கால இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்களும் ஏராளம். கமநல சேவை நிலையத்தின் காணிப் பதிவேடு, உர மானியப் பட்டியல், பழைய ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றைச் சான்றாக ஏற்க வேண்டும். வட்டையின் தண்ணீர், வேலைகளைக் கவனிக்கும் வட்டைவிதானையின் வாக்குமூலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அணுகு வீதி பற்றி ஒரு வார்த்தை. வயலுக்குக் குறுக்கே 3 அடி உயர்த்திப் போடும் வீதி மாரியில் அணைக்கட்டாக மாறும். மேற்பக்கம் பயிர் அழுகும், கீழ்ப்பக்கம் வடிச்சல் தண்ணீர் வராது. மதகு வைக்கும் இடத்தை மழை வெள்ளம் பாயும் நவம்பர், டிசெம்பரில் வந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டும், ஓகஸ்டில் அளந்தால் எல்லா இடமும் காய்ந்த தரையாகத்தான் தெரியும். வாகனத் தரிப்பிடமும் மலசலகூடமும் வட்டைக்கு வெளியே மேட்டு நிலத்தில் அமைய வேண்டும். மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது மலக்குழி நிரம்பி வாய்க்காலில் கலப்பதைப் பிறகு தடுக்க முடியாது.

உலகில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கம்போடியாவின் அங்கோர் பூங்கா ஏறக்குறைய 400 சதுர கிலோமீற்றர். அதற்குள் கிராமங்களும் நெல் வயல்களும் இருக்கின்றன. இந்தியாவின் ஹம்பியில் விஜயநகரக் காலக் கால்வாய்கள் இன்றும் வயலுக்குத் தண்ணீர் தருகின்றன. அதே ஹம்பியில் 2011 இல் கடைத்தெருக் குடிகளை அகற்றியதையும், அங்கோரில் 2022 முதல் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியே நகர்த்தியதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வரைபடம் நல்லதாக இருந்தும், யார் உள்ளே இருக்கலாம் என்பதை ஆரம்பத்திலேயே எழுதி உறுதிப்படுத்தாவிட்டால் முடிவு அப்படித்தான் வருகிறது.

2020 ஜூனில் கிழக்கின் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அதன் பிறகு எல்லைக்கல்லோடு யார் வந்தாலும் ஊர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. பூங்காத் திட்டக் குழுவில் நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர், நில அளவையாளர், கமக்காரர் அமைப்பு, மாட்டுப் பண்ணையாளர், மூன்று சமூகங்களின் பிரதிநிதிகள் எல்லோரும் முதல் கூட்டத்திலிருந்தே இருக்க வேண்டும். வரைபடம் முடிந்த பிறகு கையொப்பத்துக்கு அழைப்பதில் பயன் இல்லை.

வரைபு வரைபடம் பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னர் கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் தமிழில், வட்டைப் பெயர்களோடும் வாய்க்கால் பெயர்களோடும் தொங்க வேண்டும். தாள் இலக்கமும் ஆள்கூறும் மட்டும் இருந்தால் ஒருவராலும் தன் வயலை அதில் தேடி எடுக்க முடியாது. ஆட்சேபனைக்குக் கொடுக்கும் காலம் விதைப்பு நாட்களிலும் அறுவடை நாட்களிலும் விழக்கூடாது. ஒக்டோபர் கடைசியில் ஒட்டி நவம்பர் நடுவில் முடியும் அறிவித்தலை வாசிக்க அப்போது வயலை விட்டு யாரும் வர மாட்டார்கள்.

இங்ஙனம்,
நில அளவை, நீர்ப்பாசனத் துறைகளில் பணியாற்றியோரும் கமக்காரர் சிலரும்,
படுவான்கரை, மட்டக்களப்பு.