குடுவையில் இருந்த மீன் சொன்ன உண்மை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்ட உயிரினங்களைப் பற்றிச் சென்ற மாதம் உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக் கிரீன்பேக் டிரவுட் மீனுக்கு அதில் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். 1937இல் அற்றுப்போய்விட்டதாகக் கருதப்பட்டது, 1950களில் ஓர் ஓடையில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது, பெருக்கிப் பல நீர்நிலைகளில் விடப்பட்டது, 1994இல் மாநில மீன் என்ற பெருமையைப் பெற்றது என்று அந்தப் பத்தி மகிழ்ச்சியாக முடிந்துவிட்டது. அது கதையின் முதல் பாதிதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவள் நான். மறு பாதியைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கீழ்த்தாடையின் அடியில் கத்தியால் கீறியது போன்ற சிவப்புக் கோடு உள்ள டிரவுட் மீன்களைக் கட்த்ரோட் என்பார்கள். ராக்கி மலைத்தொடரில் இவற்றுக்குப் பல துணையினங்கள் உண்டு. மலை முகட்டின் கிழக்குச் சரிவில் விழும் மழை ஒரு கடலுக்குப் போகிறது, மேற்குச் சரிவில் விழுவது வேறொரு கடலை நோக்கிப் போகிறது. நடுவில் உள்ள முகட்டை மீனால் தாண்ட முடியாது. அதனால் ஒவ்வொரு ஆற்று வடிநிலத்திலும் ஒரு தனி மரபு பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்ந்து வந்தது. கிழக்கே சவுத் பிளாட் ஆற்றுக்கு உரியது கிரீன்பேக். மேற்கே கொலராடோ ஆற்றுக்கு உரியது அதன் நெருங்கிய உறவான இன்னொரு கட்த்ரோட். இரண்டையும் பிரித்தறியச் செதில்களை எண்ணினார்கள், புள்ளிகளின் அளவைப் பார்த்தார்கள். அந்த எண்ணிக்கைகளோ ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடந்தன. தேர்ந்த கண்ணும் ஏமாறக்கூடிய இடம் அது.

மீனால் தாண்ட முடியாத முகட்டை மனிதர்கள் தாண்ட வைத்தார்கள். சுரங்கங்களாலும் அளவற்ற மீன்பிடிப்பாலும் ஓடைகள் வெறுமையானபோது, அரசின் பொரிப்பகங்கள் குஞ்சுகளைக் கொண்டுவந்து கொட்டத் தொடங்கின. 1885க்கும் 1953க்கும் இடையே கொலராடோ நீர்நிலைகளில் இப்படி விடப்பட்ட புரூக் டிரவுட், ரெயின்போ டிரவுட், கட்த்ரோட் மீன்களின் எண்ணிக்கை 75 கோடிக்கும் மேல் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எந்த ஓடைக்கு எந்த ஆற்று மீன் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. மேற்குச் சரிவின் கட்த்ரோட் கிழக்குச் சரிவின் ஓடைகளில் குடியேறியது.

2007இல் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிகா மெட்காஃப், ஆண்ட்ரூ மார்ட்டின் ஆகியோரின் குழு, கிரீன்பேக் என்று நம்பிப் பாதுகாக்கப்பட்டு வந்த ஒன்பது மீன் கூட்டங்களின் மரபணுவைச் சோதித்தது. ஐந்து கூட்டங்கள் கிரீன்பேக்கே இல்லை. மேற்குச் சரிவின் மீன்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உண்மையான அக்கறையோடு உழைத்தவர்கள் வேறொரு மீனை வளர்த்து, வேறொரு மீனை விட்டு, வேறொரு மீனைக் காத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று அந்த வனக் காவலர்களையும் பொரிப்பகத் தொழிலாளர்களையும் நினைத்து மனம் கனத்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மீதி நான்கும் சரியா என்ற கேள்வி எழுந்தது. உயிரோடு இருக்கும் மீன்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு இதற்கு விடை காண முடியாது. எல்லாமே கலைந்து போன பிறகு எதை அளவுகோலாக வைப்பது? கலைப்பதற்கு முன்பு இருந்த மீன் வேண்டும். அது அருங்காட்சியகங்களில் இருந்தது. 1857க்கும் 1889க்கும் இடையே பிடிக்கப்பட்ட மீன்கள் ஸ்மித்சோனியன், ஹார்வர்டு, ஃபிலடெல்ஃபியா, கலிபோர்னியா அருங்காட்சியகங்களில் எத்தனால் ஊற்றிய குடுவைகளுக்குள், யாரும் தொடாமல், ஆனால் பெயர்ச்சீட்டோடு காத்திருந்தன.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். உயிரணுவின் கருவில் உள்ள டி.என்.ஏ. இரண்டே பிரதிகள்தான். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. ஒவ்வோர் உயிரணுவிலும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கிறது. டிரவுட் மீனில் அதன் நீளம் ஏறத்தாழ 16,600 எழுத்துகள். நூற்றைம்பது ஆண்டுகளில் பெரும்பாலான பிரதிகள் சிதைந்தாலும், படிக்கக்கூடிய துண்டுகள் சில எஞ்சும். அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவதால், தந்தைவழியோடு கலந்து குழம்பாமல் பாட்டி, முப்பாட்டி என்று ஒரே கோட்டில் பின்னோக்கிப் போகலாம். இன்னொன்றும் துணை செய்தது. உடல்களைப் பதப்படுத்த ஃபார்மலினைப் பயன்படுத்தலாம் என்று ஃபெர்டினாண்ட் புளும் கண்டறிந்தது 1893இல்தான். ஃபார்மலின் டி.என்.ஏ.வைப் பின்னிப் பிணைத்துப் பாழாக்கிவிடும். அதற்கு முந்தைய மீன்கள் வெறும் எத்தனாலில் கிடந்ததால் தப்பின. நாங்கள் ஆய்வகத்தில் எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டோம். அதுவே சரியான முறை என்று மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்தோம்.

குடுவை மீன்களின் டி.என்.ஏ.வை மெட்காஃப் குழு இன்றைய மீன்களோடு ஒப்பிட்டது. 2012இல் முடிவு வெளிவந்தது. சவுத் பிளாட்டின் பழைய மீன்களோடு ஒத்துப்போன மரபு இன்று ஒரே ஒரு ஓடையில்தான் உயிரோடு இருந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு அருகே பேர் கிரீக். சுமார் ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள நீர், அதில் 750 மீன்கள். அந்த ஓடை சவுத் பிளாட் வடிநிலத்தைச் சேர்ந்ததே அல்ல, பக்கத்து ஆர்க்கன்சா வடிநிலத்தைச் சேர்ந்தது! 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலையேற வரும் பயணிகளுக்காக அங்கே விடுதி நடத்திய ஒருவர், தன் குளத்தில் விடக் கொண்டுவந்த மீன்களின் வழித்தோன்றல்கள் அவை. எந்தப் பழக்கம் இனத்தைக் குலைத்ததோ, அதே பழக்கம் யாரும் அறியாமல் ஒரு மூலையில் அதைக் காத்தும் வைத்திருந்தது. இதை எண்ணி எண்ணிப் பார்க்கிறேன், எனக்கு இன்னும் ஆறவில்லை.

2014இல் சிம்மர்மன் ஏரியில் பேர் கிரீக்கின் வழித்தோன்றல்கள் விடப்பட்டன. ஹெர்மன் கல்ச் ஓடையில் விடப்பட்டவை தாமாகவே இனப்பெருக்கம் செய்வதாக 2022இல் மாநில வனவிலங்குத் துறை அறிவித்தது. உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டிய மீட்பு இதுதான்.

அதே 2012 ஆய்வில், அன்று உயிரோடு எங்கும் காணப்படாத ஒரு மரபும் பழைய குடுவைகளில் வெளிப்பட்டது. சான் வான் ஆற்றுப் பகுதியில் 1874இல் பிடித்து ஸ்மித்சோனியனில் வைத்திருந்த மீன்கள் அவை. அந்தக் கைரேகையை வைத்துக்கொண்டு தென்மேற்கு கொலராடோவின் ஒதுக்கமான ஓடைகளைத் தேடினார்கள். 2018இல் கிடைத்துவிட்டது. இப்படி ஓர் உயிர் இருந்தது என்பதையே குடுவைதான் முதலில் சொன்னது. அதற்குப் பிறகுதான் அது எங்கே என்று தேட முடிந்தது.

மைட்டோகாண்ட்ரியா எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. அது தாய்வழிச் சாட்சி மட்டுமே. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அலேன் என்றோர் ஏரி. அதில் உள்ளவை உருவத்திலும் கரு மரபணுவிலும் புரூக் டிரவுட். அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவோ ஆர்க்டிக் சார் என்ற வேறோர் இனத்துடையது. எப்போதோ நடந்த கலப்பின் தடம் அது. தாய்வழியை மட்டும் பார்த்தால் இனத்தையே மாற்றிச் சொல்லிவிடுவோம். அதனால்தான் கொலராடோ ஆய்வாளர்கள் இன்றைய மீன்களின் கரு மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

டிரவுட் நமக்கு அந்நியம்தானே என்று சிலர் கேட்கலாம். அவலாஞ்சியில் நாம் பார்க்கும் டிரவுட், வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டதுதான். ஆனால் இதே கதை காவிரியில் நடந்திருக்கிறது. காவிரிக்கே உரிய திமில் மகசீர் கெண்டை ஐம்பது கிலோவைத் தாண்டி வளரக்கூடிய மீன். 1946இல் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு. 1970களிலிருந்து மகாராஷ்டிராவின் லோனாவாலாப் பொரிப்பகத்தில் உருவான நீலத்துடுப்பு மகசீர் காவிரியில் விடப்பட்டது. நல்ல எண்ணத்தோடுதான் விட்டார்கள். அது பெருகியது, திமில் மகசீர் அருகியது. உலகமே அறிந்த இந்த மீனுக்கு உரிய அறிவியல் பெயர் எது என்பதே 2018இல்தான் உறுதியானது. மோயாற்றில் பிடித்த மீன்களின் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவியே இது என்றார்கள். அதே ஆண்டில் அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. நூற்றாண்டுக் காலம் வெள்ளைக்காரர்களும் நம்மவர்களும் இந்த மீனைப் பிடித்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு துண்டுச் சதையை எத்தனாலில் போட்டு, ஊரும் தேதியும் எழுதி வைக்க எத்தனை பேருக்குத் தோன்றியது?

நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில், பவானியிலும் அமராவதியிலும் பிடித்த மீன்கள் இரண்டு அலமாரி நிறைய இருந்தன. எனக்கு முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் மாணவர்களோடு போய்ச் சேர்த்தவை. கட்டடம் பழுதுபார்க்கப்பட்ட ஒரு கோடை விடுமுறையில் குடுவைகளைக் காலி செய்து கழுவி வைத்துவிட்டார்கள். நாற்றம் அடிக்கிறது, இடம் அடைக்கிறது, பாடத்திட்டத்தில் இல்லை என்று மூன்று காரணங்கள் சொன்னார்கள். விடுமுறை முடிந்து நான் வந்தபோது குடுவைகள் வெயிலில் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன. பெயர்ச்சீட்டுகள் குப்பையில் கிடந்தன. அவற்றில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் "பவானி, கூடுதுறைக்கு மேல்" என்று சாய்ந்த கையெழுத்தில் இருக்கிறது. மீன் எதுவென்று எழுதிய பகுதி கிழிந்துவிட்டது.

தமிழ்நாட்டின் பழைய கல்லூரிகள் பலவற்றில் இத்தகைய அலமாரிகள் இன்னும் இருக்கக்கூடும். ஃபார்மலினில் இருந்தாலும் கைவிட வேண்டாம். அதிலிருந்தும் டி.என்.ஏ. எடுக்கும் வழிகளை இப்போது உருவாக்கி வருகிறார்கள். முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. ஒரு நோட்டில் குடுவையின் எண், மீனின் பெயர், பிடித்த இடம், ஆண்டு ஆகியவற்றை எழுதி, ஒவ்வொன்றையும் படம் எடுத்து, ஒரு பிரதியைக் கல்லூரிக்கு வெளியேயும் வைக்க வேண்டும். புதிதாகச் சேர்ப்பவர்கள் ஒரு சிறு சதைத்துண்டைத் தனியே எத்தனாலில் வைக்கட்டும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் விலங்கியல் ஆசிரியர்கள் எவராவது தங்கள் துறையில் அப்படி ஓர் அலமாரி இருப்பதாக உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்துங்கள். ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு நாளில் போய்வரக்கூடிய ஊராக இருந்தால் நானே நோட்டோடு வந்து, பெயர்ச்சீட்டுகளை உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன். மழைக்காலத்துக்கு முன்பு என்றால் நல்லது. ஈரம் ஏறினால் பழைய மை கரைந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
ஈரோடு