டண்டீ வீட்டுப் பின்வளவுக்கு எந்த ஸ்ட்ரோபெரி?

அன்பு மகளுக்கு,

நான் வாடகைக்கு எடுத்திருக்கும் அலொட்மென்ட் தோட்டத்துண்டிலிருந்து உனக்கு ஸ்ட்ரோபெரிக் கன்று அனுப்பப் போவதில்லை. கோபிக்காதே. "பிள்ளை வாய்விட்டுக் கேட்டதைக் கொடுக்க இந்த மனுசனுக்கு என்ன கேடு" என்று அம்மா ஏற்கெனவே ஒரு பாட்டம் பேசி முடித்துவிட்டாள். போனில் சொன்னால் பாதி உனக்கும் மீதி அவளுக்கும் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் நிற்பவை வயது போன கன்றுகள். ஸ்ட்ரோபெரி மூன்று நான்கு வருடம் நன்றாகக் காய்க்கும், பிறகு பழம் சிறுத்துக்கொண்டே போகும். இலையின் அடியில் இருந்து சாறு குடிக்கிற அசுவினி, செடிக்குச் செடி வைரஸைக் காவிக்கொண்டு போகும். பெரும்பாலும் செடி வாடாது, புள்ளி விழாது, விளைச்சல் மட்டும் குறையும். தாய்ச்செடி விடுகிற கொடியில் வேர்பிடிக்கும் குட்டிக்கும் அந்த வைரஸ் சேர்ந்தே போய்விடும். புது வீட்டில் புது மண்ணில் தொடங்குகிறவள், நோயில்லை என்று சான்று பெற்ற கன்றைக் காசு கொடுத்து வேண்டுவதுதான் சரி. அந்தக் காசை வேண்டுமானால் நான் தருகிறேன்.

இனி, எந்த இனம் என்ற கேள்வி. நீ எல்சான்டா என்று சொன்னாய், பூக்கன்றுக் கடையில் மலிவாகக் கிடக்கிறது என்றும் சொன்னாய். அது நெதர்லாந்தில் உருவான இனம். இங்கே சூப்பர்மார்க்கெட்டுகளைக் கனகாலம் ஆண்டது அதுதான். பழம் பளபளவென்று ஒரே அளவாக வரும், லொறியில் ஏற்றி இறக்கினாலும் நசியாது. ஆனால் உன் சமையலறைக் கதவிலிருந்து பாத்தி பத்து அடி. உனக்கு எதற்கு லொறிப் பயணம் தாங்கும் பழம்?

ருசியைவிட எனக்குப் பெரிய கவலை உன் மண். மழை பெய்து ஓய்ந்த பிறகும் பின்வளவில் தண்ணீர் நிற்கிறது என்று நீயே படம் அனுப்பினாய். ஸ்கொட்லாந்தின் குளிரும் ஈரக் களிமண்ணும் சேர்ந்தால் ஸ்ட்ரோபெரிக்கு 'ரெட் கோர்' என்றொரு வேர் அழுகல் வரும். வேரை நீளவாக்கில் கீறிப் பார்த்தால் நடு நரம்பு சிவந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். 1920களில் கிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே லனாக்ஷயர் பக்கத்துத் தோட்டங்களை இது அழித்தது. லனாக்ஷயர் நோய் என்றே அந்தக் காலத்தில் சொன்னார்கள். ஒரு முறை மண்ணுக்குள் வந்துவிட்டால் பத்து வருடத்துக்கு மேலும் கிடக்கும். எல்சான்டா இதற்கு ஈடுகொடுக்காது.

இன்னொரு சோலியும் இருக்கிறது. வீட்டை விற்றவர்கள் அந்த மூலையில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள் என்று மருமகன் சொன்னார். உருளைக்கிழங்கு, தக்காளி நின்ற இடத்தில் வேர்ட்டிசிலியம் என்ற பூஞ்சணம் தங்கியிருக்கக்கூடும். கோடை நடுவில் வெளி இலைகள் ஓரம் கருகி வாடும், நீ தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்பாய். அதனால் அந்த மூலையை விட்டுவிடு. மதிலோரம் வெயில் படுகிற இடத்தில் பலகை அடித்து 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு பாத்தி கட்டச் சொல்லு. 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம் போதும். முக்கால் கன மீட்டர் அளவு மண் பிடிக்கும். மண்ணைக் கடையில் வேண்டி நிரப்பு, கூடவே நன்றாக மக்கிய எருவும் கலந்துவிடு.

இப்போது இனம். பாத்தியின் பெரும்பங்குக்கு சிம்பொனி போடு. இது உன் ஊர்ப் பிள்ளை. டண்டீக்கு மேற்கே இன்வர்கௌரியில் இருந்த ஸ்கொட்லாந்துப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கினார்கள். 2011 முதல் அந்த நிலையம் ஜேம்ஸ் ஹட்டன் நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது, நீ பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகை பார்த்திருப்பாய். ரெட் கோரைத் தாங்கும், கொஞ்சம் பிந்திக் காய்க்கும், பழம் இறுக்கமாக இருக்கும், ருசியும் குறையில்லை. கென்டில் ஈஸ்ட் மோலிங்கில் உருவான ஃப்ளோரன்ஸும் பிந்தியதுதான், நோய்க்கும் நன்றாகத் தாங்கும். சிம்பொனி கிடைக்காவிட்டால் அதை எடு.

பிந்திய இனமாகவே சொல்கிறேனே என்று யோசிப்பாய். உன் தம்பி ஹனியோய் என்ற முந்திக் காய்க்கும் இனத்தை நட்டு ஜூன் தொடக்கத்திலேயே படம் போட்டுக் காட்டுவான், அதைப் பார்த்து அவசரப்படாதே. வேளைக்குக் காய்க்கிற இனம் வேளைக்குப் பூக்கும். உன் பக்கத்தில் மே மாதத்திலும் உறைபனி விழும். பூவின் நடுவில் இருக்கும் மஞ்சள் குமிழ் ஒரே இரவில் கறுத்துப் போனால் அந்தப் பூ பழமாகாது. ஒவ்வொரு இரவும் எழுந்து துணி போர்த்த உனக்கு வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் ஏது நேரம்? அதோடு உங்கள் பள்ளிக்கூடங்கள் ஜூன் கடைசியில் அல்லது ஜூலை தொடக்கத்தில் மூடினால் ஆகஸ்ட் நடுவில்தான் திறக்கும். பழமும் அந்த நேரத்துக்கே வந்தால் பறிக்க ஆள் தேட வேண்டியதில்லை.

பாத்தியின் மூன்றில் ஒரு பங்குக்கு மல்வினா வை. ஜெர்மன் இனம். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் இது தொடங்கும். வடக்கே உன்னிடம் ஜூலை பிற்பகுதியில் தொடங்கி ஆகஸ்டுக்குள்ளும் நிற்கும். பழம் கடும் சிவப்பு, கறுப்பை ஒட்டிய நிறம். தம்பியின் பிள்ளைகளுக்கு லண்டனில் பள்ளிக்கூடம் மூடுவது ஜூலை கடைசியில்தானே. அவர்கள் அங்கே வரும்போது செடியில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் என்றால் இதுதான் வழி.

ருசிக்கென்று ஒன்று தனியாக வேண்டும். அதற்கு மாரா தே புவா. 1991இல் பிரான்சில் வெளிவந்த இனம். பழம் சிறியது, மெத்தென்றது, கடைக்குக் கொண்டுபோக முடியாதது. வாசம் காட்டு ஸ்ட்ரோபெரியின் வாசம். ஒரே தடவையில் கொட்டாமல் ஜூனிலிருந்து குளிர் வரும்வரை விட்டுவிட்டுக் காய்க்கும். இதை மட்டும் மூன்று சாடிகளில் கதவோரம் வை. போகிற வருகிற நேரம் ஒன்றிரண்டு வாயில் போடத்தான். ஜாமுக்கு என்று காத்திருந்தால் போத்தல் நிரம்பாது.

சாடியில் வைத்தால் வைன் வீவில் என்ற வண்டு தேடி வரும். இலையின் ஓரத்தை அரைவட்டமாகக் கடித்த அடையாளம் கண்டால் அதுதான். அந்தக் கடியால் செடிக்குப் பெரிய பழுதில்லை, மண்ணுக்குள் அதன் வெள்ளைப் புழு வேரைத் தின்றுவிடும். ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பரில் நெமடோட் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்புழுப் பொட்டலம் வேண்டித் தண்ணீரில் கரைத்து ஊற்று. அது அந்தப் புழுவைக் கொல்லும், பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாது.

என் பக்கத்துப் பாத்திக்கார வெள்ளைக்காரக் கிழவர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் தலையிலடிப்பார். அவருக்கு ரோயல் சொவரின்தான் ஸ்ட்ரோபெரி, மற்றதெல்லாம் தண்ணீர். பெட்ஃபோர்டில் லக்ஸ்டன் என்பவர் உருவாக்கி 1892இல் வெளிவிட்ட இனம் அது. போன வருடம் எனக்கு ஒரு பழம் தந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், அப்படியொரு ருசியை நான் கடையில் கண்டதில்லை. ஆனால் காய்ப்பது கொஞ்சம், நோயோ கனக்க. ஓய்வெடுத்த மனுசன் பகல் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். உனக்கு அது சரிவராது.

அப்பிள் மரத்துக்குப் போல இரண்டு இனம் பக்கத்தில் நின்றால்தான் காய்க்குமா என்று கேட்டாய். இல்லை, ஒன்றே போதும். ஒரு காலத்தில் அப்படி இருக்கவில்லை என்பது வேறு கதை. பிரெஞ்சுப் பொறியாளர் ஃப்ரெசியே 1714இல் சிலியிலிருந்து பெரிய பழம் தரும் செடிகளைக் கப்பலில் கொண்டுவந்தார். அத்தனையும் பெண் செடிகள். தனியே நின்றவை காய்க்கவில்லை. வட அமெரிக்காவிலிருந்து வந்த சின்னப் பழச் செடி பக்கத்தில் நின்ற இடங்களில்தான் காய்த்தன. அந்தக் கலப்பில் பிறந்தவைதான் இன்று கடையில் உள்ள எல்லாமே. இவற்றின் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்தே இருக்கும், தேனீ வந்தால் போதும். கலப்பில் வந்தவை என்பதால், பழத்தின் விதையைப் போட்டால் தாயைப் போல வராது. சின்னவள் விதை சேர்க்கிறாள் என்றால் சேர்க்கட்டும், அதை நம்பிப் பாத்தி கட்டாதே.

நடுகிற காலம் முக்கியம். கோடையில் காய்க்கும் இனங்கள் அடுத்த வருடத்துப் பூமொட்டை இந்த வருடம் செப்டெம்பர், ஒக்டோபரிலேயே உள்ளுக்குள் கட்டிவிடும். பகல் குறுகிக் குளிர் தொடங்கினால்தான் அது நடக்கும். யாழ்ப்பாணத்தில் சித்தப்பா எத்தனை தரம் கேட்டாலும் நான் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். இலங்கையில் அது நுவரெலியாக் குளிருக்குத்தான் சரி. ஆகவே நீ ஆகஸ்டில் நட்டால் வேர் பிடித்து, மொட்டுக் கட்ட நேரம் கிடைக்கும். ஒக்டோபர் வரை இழுத்தால் முதல் வருடம் கையில் எண்ணுகிற பழம்தான்.

பாத்தியில் 40 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் மூன்று வரிசையில் ஆறு ஆறாகப் பதினெட்டுக் கன்று கொள்ளும். பன்னிரண்டு சிம்பொனி, ஆறு மல்வினா. நல்ல கன்று ஒன்று அரைக் கிலோ வரை தரும். குருத்து மண்மட்டத்தில் இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும், மேலே நின்றால் காயும். பழம் வைக்கும்போது கீழே வைக்கோல் போடு, மேலே வலை கட்டு. வலையை இழுத்துக் கட்டு, தொய்ந்தால் குருவி சிக்கும். காய்த்து முடிந்ததும் சிம்பொனி, மல்வினாவின் பழைய இலைகளைக் குருத்துக்கு மேலே நான்கு விரல் விட்டு வெட்டிவிடு. மாரா தே புவாவை வெட்டாதே, அது இன்னும் காய்த்துக்கொண்டிருக்கும்.

பறிக்கிறதில் ஒன்று. கறுத்தக்கொழும்பான் மாங்காயை முற்றலாய்ப் பிடுங்கி வைக்கோலுக்குள் பழுக்கப் போட்டது போல இதைச் செய்ய முடியாது. பறித்த பிறகு நிறம் கூடலாம், இனிப்பு ஏறாது. காம்படியில் வெள்ளை மாறும்வரை விடு. பிள்ளைகள் விடமாட்டார்கள், தெரியும்.

கன்றுக் கடைகளில் ஆகஸ்ட் அனுப்புதலுக்கு இப்போதே பதிய வேண்டும், மல்வினா வேளைக்கு முடிந்துவிடும். நீ பதியும்போது அம்மாவின் பெயரில் மாரா தே புவா ஆறு சேர்த்துப் போடு, அதை லண்டன் விலாசத்துக்கு அனுப்பச் சொல்லு. என் பழைய பாத்தியை இந்த இலையுதிர்காலம் கிண்டிப் போடப் போகிறேன். அதற்குப் பிறகு அந்த இடத்தில் வெங்காயம்தான்.

அன்புடன்,
அப்பா