மூன்று ஒய்யும் ஒரு நுகத்தடியும்

அன்புள்ள கதிரேசா,

நலம்தானே? எழுத்துக்கூட்டல் போட்டிக்குப் படிக்கும் உன் பேத்தி 'சிஸிஜி' (syzygy) என்ற ஆங்கில வானியல் சொல்லில் தடுமாறுகிறாள் என்று எழுதியிருந்தாய். பொல்லாத சொல்தான்.

எழுத்து ஆறு: எஸ், ஒய், இசட், ஒய், ஜி, ஒய். ஒய் வரும் இடத்தில் ஐ போடுவது ஒரு பிழை, நடு ஒய்யை விழுங்குவது இன்னொன்று. மனப்பாடம் செய்வதைவிட வேரைப் பிடிக்கச் சொல். கிரேக்கத்தில் 'சுன்' என்றால் உடன், 'ஸுகோன்' என்றால் நுகத்தடி. இரண்டிலும் உள்ள உப்சிலான் எழுத்து இலத்தீனில் ஒய் ஆனது. கடைசி ஒய் மட்டும் 'இயா' விகுதியின் தேய்வு. பன்மையில் ஐ-இ-எஸ் ஆக மாறுவதும் அது ஒன்றுதான்.

சுன்னின் னகரம் எங்கே போயிற்று என்பாள். இசட்டுக்கு முன் கெட்டுவிட்டது. 'சிம்பதி'யில் அதே னகரம் மகரமாகத் திரிந்திருக்கிறது, 'சிலபிள்'லில் லகரமாக. புணர்ச்சி விதி படித்தவளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில். இசட்டைச் சொல்லும்போது தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கட்டும்; அதிர்வு இல்லையென்றால் அது வெறும் எஸ். ஒய்க்கு முன் வரும் ஜி, 'ஜிம்'மில் போல மெல்லொலி. 'சிஸிஜியல்' என்று பெயரடையானால் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகரும்.

ஸ்கிராபிள் சொல்லாட்டத்தில் ஒய் வில்லை இரண்டே என்பதால் மூன்றாவதற்கு வெற்றுவில்லை வேண்டும். மதிப்பு 21.

ஒரே நுகத்தில் பூட்டியது என்பதே சிஸிஜியின் வேர்ப்பொருள். யோகம், யுகம், ஆங்கில 'யோக்' எல்லாம் அதே வேரின் கிளைகள். நாவலுக்கும் கிராம்புக்கும் தாவரவியலார் தரும் பேரினப் பெயர் சிஸிஜியம். இலைகள் இணை இணையாக எதிரெதிரே நிற்பதைப் பார்த்தால் பெயர் பொருந்துவது தெரியும்.

வானியலில் சூரியன், பூமி, நிலா ஒரே கோட்டில் நிற்பது சிஸிஜி. அமாவாசை, பௌர்ணமி இரண்டுக்கும் இந்த ஒரே சொல். கடலில் ஏற்றமும் வற்றமும் அப்போதுதான் மிகும். உச்சம் பெரும்பாலும் ஓரிரு நாள் பிந்தித் தெரியும். இதற்குத் தமிழ் தேடி 'ஒருகோட்டமைவு' என்றெல்லாம் ஆக்க வேண்டாம். உவா என்றாலே இரண்டும்தான்: வெள்ளுவா பௌர்ணமி, காருவா அமாவாசை. நிலவைப் பொறுத்தவரை அதுவே போதும். கோள்களுக்கு நீட்ட முடியுமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். உன் கருத்தை எழுது.

அன்புடன்,
சிவா