வேறு என்பதற்கு விலை வைப்பது யார்?

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. போனை வைத்த பிறகும் அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. "பெண்களுக்கு ஆட்களை அனுசரித்துப் போகத் தெரியும்" என்று உன் மேலாளர் வடிவமைப்பு வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதையும் குறிப்பெடுப்பதையும் உன் தலையில் கட்டியிருக்கிறார். நீ பொருமியபோது உன் தோழியோ, "அது உண்மைதானே, நமக்கு இயல்பாகவே வருகிறதே" என்றாளாம். "ஆணும் பெண்ணும் ஒன்றா, வேறா? ஏதாவது ஒன்றைச் சொல்லம்மா" என்றாய்.

ஏதாவது ஒன்றைச் சொன்னால் அது பொய்யாகிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையாக இருந்தபோது உன் அண்ணன் வீறிட்டால் "கோபக்காரன்" என்பேன். நீ வீறிட்டால் "பயந்துட்டா" என்று வாரி எடுத்துக்கொள்வேன். இரண்டும் ஒரே அழுகைதான். 1976இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். பெட்டியைத் திறந்ததும் துள்ளி எழும் பொம்மையைப் பார்த்து ஒரு குழந்தை அழுகிறது. அதே படத்தை எல்லாருக்கும் காட்டி, சிலரிடம் ஆண் குழந்தை என்றும் சிலரிடம் பெண் குழந்தை என்றும் சொன்னார்கள். ஆண் என்று நினைத்தவர்களுக்கு அது கோபமாகத் தெரிந்தது. பெண் என்று நினைத்தவர்களுக்குப் பயமாகத் தெரிந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2000இல் வந்த இன்னொரு ஆய்வில், பதினோரு மாதக் குழந்தைகள் எவ்வளவு சரிவான பலகையில் தவழ்ந்து இறங்கும் என்று அம்மாக்களையே கணிக்கச் சொன்னார்கள். மகன்களால் முடியும் என்று கூட்டிச் சொன்னார்கள், மகள்களால் முடியாது என்று குறைத்துச் சொன்னார்கள். இறக்கிவிட்டுப் பார்த்தால் குழந்தைகளிடம் வித்தியாசமே இல்லை. இப்போது உன் அண்ணன் மகள் தவழ்கிறாள் இல்லையா, மெத்தை ஓரத்துக்கு அவள் வந்தாலே என் கை தானாக நீள்கிறது. பேரனுக்கு அப்படி நீண்டதாக ஞாபகம் இல்லை.

ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1869லேயே இதை எழுதிவிட்டார். ஒரு மரத்தின் ஒரு பாதியை வெந்நீராவியிலும் மறு பாதியைப் பனியிலும் வளர்த்துவிட்டு, அதன் இயல்பே இப்படித்தான் என்கிறோம் என்று. பெண்ணாக யாரும் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறாள் என்ற கருத்தை 1949இல் பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவ்வார் அழுத்தமாக முன்வைத்தார். 2005இல் ஜேனட் ஹைட் என்ற உளவியலாளர், பல ஆய்வுகளைத் தொகுத்த 46 பகுப்பாய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். அவற்றில் இருந்த ஆண்-பெண் வேறுபாடுகளில் 78 சதவீதம் சிறியவை, அல்லது இல்லை என்றே சொல்லலாம். பந்தை எறியும் வேகம் போன்ற சிலவற்றில்தான் பெரிய வித்தியாசம்.

ஆனால் உன் தோழி சொல்வதையும் ஒதுக்கிவிடாதே. அதுவும் பெண்ணியத்துக்குள்ளிருந்து வந்த வாதம்தான். 1982இல் உளவியலாளர் கரோல் கில்லிகன் கேட்ட கேள்வி நியாயமானது. மனிதரின் அறவுணர்வு எந்தெந்தப் படிகளில் வளர்கிறது என்று லாரன்ஸ் கோல்பர்க் என்ற உளவியலாளர் ஓர் ஏணி போட்டிருந்தார். பையன்களை மட்டும் வைத்து ஆராய்ந்து போட்ட ஏணி அது. அதில் பெண்கள் நடுவிலேயே நின்றுவிடுவதாகத் தெரிந்தது. பெண்கள் பின்தங்கவில்லை, அவர்கள் பேசுவது இன்னொரு குரலில், விதிகளைவிட உறவையும் அக்கறையையும் முன்னால் வைக்கும் குரல் அது என்றார் கில்லிகன். பின்னால் பலர் அளந்து பார்த்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வித்தியாசம் சிறியது என்றே வந்தது. இருந்தாலும், அக்கறைக்கு ஏன் ஏணியில் இடம் இல்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தக் குரல் வேறு கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. உன் அலுவலகக் கதையைக் கேட்டதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்தின் மேல் அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 1979இல் வழக்குப் போட்டது. கமிஷன் கிடைக்கும், நல்ல வருமானம் உள்ள விற்பனை வேலைகளில் பெண்கள் மிகக் குறைவு என்பது புகார். இரண்டு பக்கமும் சாட்சி சொன்னவர்கள் பெண்களின் வரலாற்றை எழுதிய பெண்களே. ரோசலிண்ட் ரோசன்பர்க், பெண்களின் விருப்பங்களும் மதிப்பீடுகளும் வேறு, அதனால் குறைவாக இருப்பது பாகுபாடு ஆகிவிடாது என்று நிறுவனத்தின் பக்கம் சொன்னார். ஆலிஸ் கெஸ்லர்-ஹாரிஸ், வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் பெண்கள் அந்த வேலைகளுக்குப் போயிருக்கிறார்கள் என்று எதிர்த்தார். 1986இல் நிறுவனமே ஜெயித்தது. பெண்ணைப் பெருமைப்படுத்திச் சொன்ன வார்த்தையே பெண்ணின் சம்பளத்துக்கு எதிராக நின்றது.

உன் மேலாளர் சொன்னதும் பாராட்டு மாதிரிதான் இருக்கிறது. அந்தத் திறமைக்குப் பதவி உயர்வு உண்டா என்று பார். இல்லை என்றால் அது பாராட்டு இல்லை.

அப்படியானால் "நாங்கள் ஒன்றேதான்" என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது. இது நான் வார்டில் கற்றது. ஒரு நைட் ட்யூட்டியில் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா வந்தார். நெற்றி முழுக்க வியர்வை, தாடையை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தார். "நெஞ்சு வலி இல்லை, குமட்டுது, முதுகுல ஏதோ பாரம்" என்றார். வாயுவாக இருக்கும், பதற்றம் வேறு என்று மாத்திரை எழுதி உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி மறுபடி போய்ச் சொன்ன பிறகுதான் ஈசிஜி எடுத்தோம். மாரடைப்பு. இரண்டு மணி நேரம் வீணாகப் போயிருந்தது. பிழைத்தார், ஆனால் அந்த இதயம் பழையபடி ஆகவில்லை.

நெஞ்சு வலி பெண்களுக்கும் வரும். ஆனால் குமட்டல், மூச்சுத் திணறல், தாடை வலி, அசதி எல்லாம் கூட வருவது பெண்களிடம் அதிகம். எங்கள் பாடத்தில் இருந்த நோயாளி எப்போதும் ஓர் ஆண்தான். 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை மருந்துகளின் ஆரம்பக் கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. அது மாற 1993 ஆனது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையை எடுத்துக்கொள். பெண் உடலிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறும். பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது 2013இல், மருந்து சந்தைக்கு வந்து இருபது வருடத்துக்குப் பிறகு. இங்கே வித்தியாசத்தைப் பார்க்க மறுத்ததுதான் அநியாயம்.

மூளையைப் பற்றிப் பேசும்போது ஒன்று என்கிறாய், மருந்து, பிரசவ விடுப்பு என்று வந்தால் வேறு என்கிறாய், இது முரண் இல்லையா என்று உன்னைக் கேட்பார்கள். இல்லை என்று தைரியமாகச் சொல். சமத்துவத்துக்கு எதிர்ச்சொல் வித்தியாசம் இல்லை, ஏற்றத்தாழ்வுதான். வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்காட் 1988இல் இதை விளக்கி எழுதினார். இத்தனை வருட வேலைக்குப் பிறகு நானும் அங்கேதான் வந்து நிற்கிறேன். ஆணின் உடலையும் ஆணின் வாழ்க்கையையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, பெண் அதற்குப் பொருந்துகிறாளா என்று மட்டும் கேட்கிறார்கள் பார், எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். மேலாளரிடம் போய் ஆண்-பெண் இயல்பைப் பற்றி வாதாடாதே, அந்த வாதத்துக்கு முடிவே இராது. வடிவமைப்பு வேலை வேண்டும் என்று மெயிலில் எழுதிக் கேள், முன்பு செய்ததைக் கூடவே சேர்த்து அனுப்பு. கூட்டக் குறிப்பை மாதம் ஒருவர் என்று முறை வைக்கச் சொல். ஆட்களைச் சேர்த்து வேலையை நடத்தும் திறமை உனக்கு இருக்கிறது, சின்ன வயதிலிருந்தே உண்டு. அதை மறைக்காதே, மதிப்பீட்டில் அதற்கும் ஒரு வரி கேள்.

இதையே அண்ணனுக்கும் அனுப்புகிறேன். அவனுடைய அழுகையைக் கோபம் என்றே சொல்லி வளர்த்ததில் அவனுக்கும் நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

பேசி முடித்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா