கேமராவைப் போடு, பாப்பா

அன்புள்ள பாப்பா,

போன மூன்று ஞாயிறும் கேமரா இல்லாமலேதான் பேசினாய். நெட் சரியில்லை என்றாய். சரி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கண் இமைப்பதே குறைந்து வறண்டுவிடும், அவ்வப்போது எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார். நீ டீம் லீடர் ஆனதைத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. ஆனால் கண்ணைப் பார்த்துக்கொள்.

அம்மாவுக்கு இமை தானாக இறுகி மூடிக்கொள்கிறதே, அதற்குச் செவ்வாய்க்கிழமை கண்ணைச் சுற்றி, தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போட்டார்கள். மூன்று மாதம்போல் தாங்கும், அப்புறம் மறுபடி போட வேண்டும். அழகுக்குப் போடுவதாச்சே என்றாள் மாடி வீட்டு அத்தை. 1989-ல் அமெரிக்காவில் முதலில் அனுமதித்ததே இமை இழுப்புக்கும் மாறுகண்ணுக்கும்தான், முகச்சுருக்கத்துக்கு 2002-ல்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

கோளாறு கண்ணில் இல்லையாம், மூளையில். புருவத்துக்கு மேல் லேசாகத் தட்டினால் யாருக்கும் இமை மூடும். உடனே இன்னொரு தட்டு விழுந்தால், தெரிந்ததுதானே என்று மூளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. அம்மாவுக்கு இரண்டாவது தட்டுக்கும் அதே வேகத்தில் மூடுகிறது. பால் வாங்கிக்கொண்டு திரும்புகிற என்னை நம் வாட்ச்மேன் மறுபடி நிறுத்தி, யார் நீங்கள் என்று கேட்கிற மாதிரி. வெயில், எதிர்க்காற்று எது பட்டாலும் இமை இறுகிவிடுகிறது.

நெற்றிப்பொட்டில் விரல் வைத்தால் மட்டும் திறக்கும். அந்தத் தொடுகையும் ஒரு சேதியாக மூளைக்குப் போய் இறுக்கத்தைத் தளர்த்துமாம். பலருக்கு இப்படி ஏதாவது ஒரு இடம் இருக்குமாம். டாக்டர் இதைச் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாம்பலம் கல்யாணம். வீடியோக்காரர் லைட்டைப் போட்டதும் அம்மா விரலை அங்கேதான் வைத்தாள். "நடிக்காதே, கண்ணைத் திற" என்று எல்லார் முன்னாலும் கையைத் தட்டிவிட்டேன். கண்ணைத் திறந்து பிடித்திருந்ததே அந்த விரல்தான். "விடுங்கப்பா" என்ற உன்னையும் அதட்டினேன். அன்றைக்கு மட்டுமா? மூன்று வருடம் அப்படித்தான் இருந்தேன், பாப்பா.

பொங்கலன்று பேசும்போது உன் விரல் இரண்டு தடவை புருவத்துக்குப் போனது. இது பிள்ளைகளுக்கும் வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். பெரும்பாலும் அப்படி வருவதில்லை என்றார். உனக்கு வெறும் வறட்சியாகத்தான் இருக்கும். எதற்கும் ஒரு டாக்டரிடம் காட்டு.

ஞாயிற்றுக்கிழமை கேமராவைப் போடு. கை எங்கே இருந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அப்பா