மூன்று சென்ட் வாய்க்கால்

அன்புள்ள கணேசா,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. சீனு இன்னும் அந்தப் புல்லட்டை விற்கவில்லை.

ஆவணி பிறந்ததும் அன்னூர் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப்போவதாகப் போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. "முப்பது வருஷ வில்லங்கம் சுத்தமா இருக்குடா" என்றாய். நான் வாங்க இருந்த திருவெறும்பூர் இடத்தைப் பற்றி நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், போன வாரம் வரை.

24 சென்ட் என்று பத்திரம். வேலிக்குள் நானே டேப் பிடித்து அளந்தேன், அதுவும் 24. பட்டாவில் விற்பவர் பேர் இருந்தது, மடித்து வைத்துவிட்டேன். பரப்பு 0.08.50 ஹெக்டேர் என்று அதிலேயே இருந்தது, கணேசா! ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். எட்டரை ஏருக்கு 21 சென்ட்தான் வரும்.

கண்டுபிடித்தவர் சர்வேயர். பெரியவர் வேலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஃப்எம்பி என்ற புல அளவு வரைபடத்தை விரித்துக்கொண்டு "கல் எங்கே?" என்றுதான் கேட்டார். மேற்கே இருந்த கல்லிலிருந்து அளந்துகொண்டே வந்து, ஒரு கருவேலம் புதரைக் காட்டினார். வெட்டிவிட்டுக் கடப்பாரை போட்டோம். ஒரு அடி ஆழத்தில் ணங்கென்று சத்தம். எல்லைக் கல், கிழக்கு வேலிக்குப் பத்தடி உள்ளே! அதற்கு அப்பால் இருப்பது, கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு. தூர்த்து, வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

அன்று ராத்திரியே தாய்ப் பத்திரத்தை, அதாவது இந்த இடத்தின் பழைய மூலப் பத்திரத்தை, எடுத்துப் படித்தேன். 1974-இல் "வாய்க்காலுக்கு மேற்கு, 21 சென்ட்". 2011 பத்திரத்தில் அது "பாதைக்கு மேற்கு, 24 சென்ட்" ஆகிவிட்டது. வில்லங்கச் சான்று இதையெல்லாம் சொல்லாது, அது பதிவான பத்திரங்களின் பட்டியல்தான். நாலு வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்றிருந்தேனே, அதில் ஒரு வீடு வாய்க்கால் மேல் நின்றிருக்கும். மழை வந்தால் தண்ணீர் பழைய வழியைத்தான் தேடி வரும். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தால் யாரிடம் போய் நிற்பது?

21-க்கு மட்டும் விலை பேசலாம் என்கிறார் விற்பவர். வேண்டாம் என்றுவிட்டேன். வேலியைத் தள்ளியவர் இன்னும் எதைத் தள்ளியிருப்பாரோ, மனசு ஒப்பவில்லை.

சரி, உன் விஷயம். பூர்வீகச் சொத்து, அண்ணன் தம்பி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றாய். சேலத்தில் ஒரு தங்கை இருப்பதாகவும் நீயேதான் சொன்னாய். 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் சம பங்கு. அந்த அம்மா கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கு. அவர்கள் அப்பா உயில் எழுதினாரா என்றும் விசாரி. பதிவான உயில்கூட வில்லங்கச் சான்றில் வராது. பதிவு அலுவலகத்தில் அதைப் பதிவது 3-ஆம் புத்தகத்தில், சான்று கொடுப்பது 1-ஆம் புத்தகத்தைப் பார்த்து.

உன் ஓய்வூதியப் பணம் முழுக்க அதில் போகிறதுடா. புரோக்கர் அவசரப்படுத்தினால் படுத்தட்டும்.

எஃப்எம்பி, அ-பதிவேடு இரண்டையும் எடுத்து வை. உங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்பார்கள், அந்தச் சொல் பத்திரத்தில் எங்காவது வருகிறதா பார். ஆடிப்பெருக்கு முடிந்ததும் நான் கிளம்பி வருகிறேன். அதற்குள் உள்ளூர் சர்வேயர் ஒருவரைப் பேசி வை, கடப்பாரைக்கும் சொல்லிவிடு. அட்வான்ஸ் அப்புறம்.

அன்புடன்,
ராமு