தலையை எண்ணினால் வளம் தெரியுமா?

ஆசிரியருக்கு,

மக்கள்தொகை கூடினாலே வளம் கூடிவிட்டது என்பது அரைக் கணக்கு. 2020 ஜூனில் 5.69 மில்லியனாக இருந்த நம் சிங்கப்பூரின் மக்கள்தொகை, 2021 ஜூனில் 5.45 மில்லியனுக்கு இறங்கியது. அந்த ஆண்டு பொருளியலோ 7 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது!

2024 ஜூனில் 6.04 மில்லியன். மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, அந்த ஆண்டு 0.97தான், அப்படியானால் கூடியவர்கள் யார்? பெரும்பாலும் வேலைக்கு வந்தவர்கள். கட்டுமானப் பணி தொடங்கினால் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி நிரம்பும், முடிந்தால் காலியாகும். வேலை முன்னே, ஆள் பின்னே.

ஒரு மணி நேர உழைப்பில் விளையும் மதிப்பையும் இடைநிலைச் சம்பளத்தையும் (ஊழியர் வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம்) பாருங்கள். உற்பத்தி 3 விழுக்காடு ஏறி, ஆட்களும் 3 விழுக்காடு கூடினால் ஒருவர் தட்டில் விழும் சோறு அதே அளவுதான். எம்ஆர்டி ரயிலில் நெரிசல்தான் மிச்சம்.

– வாசகர், உட்லண்ட்ஸ்